முதல் பாடமே முழுப் பாடமானது: சிவகாசி வட்டாரத்தில் படைக்கலப் பயிற்சியின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், வைப்பாற்றின் வடிநிலத்தில் பரந்து கிடக்கும் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் கரிசல் வட்டாரம் இன்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அந்தத் தொழில்கள் இங்கே வேர் கொண்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்பு பாளையங்களின் நிலமாகவும், ஊர்க்காவல் ஒரு பரம்பரைத் தொழிலாக இருந்த நிலமாகவும், மாட்டுவண்டி வணிகர்களின் வழித்தடமாகவும் விளங்கிய இவ்வட்டாரத்தில் கம்பும் வாளும் ஈட்டியும் வளரியும் பழகுவது, ஏர் பிடிக்கவும் மரம் ஏறவும் பழகுவதைப் போலவே, பிழைப்போடு ஒட்டிய கல்வியாக இருந்தது. அக்கல்வியில் எது எஞ்சியது, எது அழிந்தது, எஞ்சியது எதனால் எஞ்சியது என்ற கேள்விகளுக்கு விடை ஆசான்களின் திறமையில் மட்டும் இல்லை. ஆட்சியாளர் இயற்றிய சட்டங்களிலும், ஒவ்வொரு காலத்திலும் மாணவராக வந்து நின்றவர் யார் என்பதிலும் அது அடங்கியிருக்கிறது.

பாட முறை

தென்தமிழ்நாட்டின் படைக்கலக் கல்விக்குச் சிலம்பம் என்பது பொதுப்பெயராக வழங்குகிறது. குறுகிய பொருளில் அது மூங்கில் கம்பைச் சுழற்றியும் வீசியும் தாக்கியும் தடுத்தும் ஆடும் கலையைக் குறிக்கும். விரிந்த பொருளில், கம்பில் தொடங்கி மற்ற ஆயுதங்களுக்கும் வெறுங்கைப் போருக்கும் செல்லும் முழுப் பாடத்திட்டத்தையும் குறிக்கும். வெற்றிலை பாக்கும் தேங்காயும் பழமும் வைத்து ஆசானுக்குத் தட்சணை கொடுத்துச் சேரும் மாணவர் முதலில் கற்பது மண்ணையும் ஆசானையும் எதிராளியையும் வணங்கும் வணக்க முறை. சலாம் வரிசை என்றும் அதைச் சொல்வதுண்டு. அடுத்தது காலடி. எந்த வீச்சுக்கு எந்தக் கால் முன் செல்ல வேண்டும், எப்போது உடல் திரும்ப வேண்டும் என்பதைக் கம்பு கைக்கு வருவதற்கு முன்பே உடலில் பதியவைக்கும் இப்பகுதிதான் பயிற்சியில் நீண்டதும் சலிப்பூட்டுவதும் ஆகும். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள்.

காலடி படிந்த பிறகு, மாணவரின் நெற்றி உயரத்துக்கு அளந்து நறுக்கிய கம்பு கைக்கு வருகிறது. ஒருவரோடு ஒருவர் பொருதுவதற்கான அடி வரிசைகளும், பலர் சூழ்ந்துகொள்ளும்போது அவர்களை நெருங்கவிடாமல் சுழன்று வீசும் படை வீச்சும், காண்போருக்காக ஆடும் அலங்கார வீச்சும் இதன் பிரிவுகள். நாகம் பதினாறு, குறவஞ்சி, மறக்காணம், கள்ளப்பத்து, துளுக்காணம், பனையேறி மல்லு எனப் பல மரபுகள் வழங்குகின்றன. கம்பில் தேறியவருக்கே இரட்டைக்கம்பு, வேல்கம்பு, வாளும் கேடயமும், மெல்லிய இரும்புத் தகடுகளாலான சுருள்வாள், மான்கொம்பு ஆகியவை திறந்துவிடப்படும். இணைப்பாடமாகக் குத்துவரிசை என்னும் வெறுங்கைப் போர் அமையும். மான்கொம்பு என்பது இரு கொம்புகளை எதிரெதிராகப் பொருத்திக் கூர்முனை இட்டு, குத்தவும் தடுக்கவும் பயன்படுத்தும் ஆயுதம். கம்பு முதற்படியாகவும் இரும்பு மேற்படியாகவும் அமைந்த இந்த வரிசை பயிற்சியின் வசதிக்காக ஏற்பட்டது. பிற்கால வரலாறு அதே வரிசைக்கு வேறொரு பொருளையும் கொடுத்தது.

தொழிலாக ஆசிரியம்

படைக்கலம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பற்றித் தமிழில் விரிவாகக் கிடைக்கும் பழைய சித்திரங்களுள் ஒன்று, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இருக்கிறது. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான ஏனாதிநாதர் சோழநாட்டு எயினனூரில் ஈழக்குலச் சான்றார் மரபில் பிறந்தவர். வாட்பயிற்சி அளிப்பது அவருடைய தொழில். அதனால் வந்த வருவாயைச் சிவனடியார்களுக்குச் செலவிட்டார். அதே தொழில் செய்த அதிசூரன் தன்னிடம் வரும் மாணவர் குறைந்து வருவாய் தேய்வதைக் கண்டு பொறாமை கொண்டு, கற்பிக்கும் உரிமை யாருக்கு என்பதைப் போரிட்டு முடிவு செய்ய அழைக்கிறான். இரு தரப்பு மாணவரும் மோதிய முதற்போரில் தோற்றவன், பிறகு தனித்துப் பொர வரச்சொல்லி, நெற்றியில் நீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்து வந்து, நெருங்கிய கணத்தில் காட்டுகிறான். நீற்றைக் கண்டபின் போரிட மனமில்லாத ஏனாதிநாதர், ஆயுதம் இல்லாதவரைக் கொன்றான் என்ற பழி எதிராளியைச் சேரக்கூடாதென்று, வாளையும் கேடயத்தையும் கீழே போடாமல் போர் செய்வார் போலவே நின்று உயிர் துறக்கிறார்.

பக்திக் கதை என்ற எல்லைக்குள் வைத்துப் பார்த்தாலும், இதில் ஒரு தொழிலின் சமூக வரலாறு தெரிகிறது. வாளாசிரியருக்கு மாணவர் எண்ணிக்கையே வருமானம். ஒரே வட்டாரத்தில் இரு ஆசிரியர் இருந்தால் போட்டி உண்டு. ஆசிரியரின் பகையில் மாணவரும் அணி சேர்ந்து போரிடுவர். அதோடு, கற்பிப்பவருக்கென்று போர்முறை சார்ந்த ஓர் ஒழுக்கமும் எதிர்பார்க்கப்பட்டது. சோழநாட்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இக்கதை எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் விருதுநகரில் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் உயிர்பெற்றது. அதைப் பின்னர்க் காணலாம்.

பாளையங்களின் காலம்

16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் உருவான பாளையமுறை, இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியைப் பல சிறு படைமுகாம்களின் தொகுதியாக ஆக்கியது. சேத்தூர், கொல்லங்கொண்டான், ஏழாயிரம்பண்ணை முதலிய ஊர்களில் இருந்த பாளையக்காரர்கள் நிலவருவாயின் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, அழைத்தபோது அரசுக்குப் படை அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். இப்படையினரில் பெரும்பாலோர் அமைதிக் காலத்தில் உழவரும் காவற்காரருமாக இருந்தவர்கள். ஆகவே ஆயுதப் பயிற்சி தனிப் பாசறைகளுக்குள் அடங்காமல் ஊர் வாழ்க்கையோடு கலந்தே நடந்தது. ஆளுயரத்தைவிட மிக நீண்ட ஈட்டி, வாள், வளரி, பிற்காலத்தில் திரித்துப்பாக்கி ஆகியவை அவர்களுடைய படைக்கலங்கள்.

சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் பிறந்த நரிக்குடிப் பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்கும். அவர்களுள் இளையவரான சின்ன மருதுவிடம் படைக்கலம் பயின்ற மாணவர் ஒருவரின் எழுத்துச் சான்று கிடைத்திருக்கிறது. அம்மாணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1795-இல் சிவகங்கைச் சீமைக்கு வந்திருந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்றும், கைதேர்ந்தவர் வீசினால் வளரி நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் அவர் 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்பு நூலில் பதிவு செய்திருக்கிறார். வளரி என்பது பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் உள்ள எறிபடை. வைரம் பாய்ந்த மரத்தாலோ இரும்பாலோ செய்யப்படுவது. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி வேகமேற்றி எறிவார்கள். கற்பித்தவரும் கற்றவரும் ஆறே ஆண்டுகளில் எதிரெதிர்ப் படைகளில் நின்றனர். 1801 ஜூன் 16-ஆம் நாளிட்ட திருச்சிராப்பள்ளிப் பிரகடனத்தின் வழியே கம்பெனிக்கு எதிராக மக்களை அழைத்த சின்ன மருது, அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தம் அண்ணனோடு தூக்கிலிடப்பட்டார்.

பறிக்கப்பட்ட படைக்கலங்கள்

ஆயுதக் களைவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோது பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, குளத்தூர், காடல்குடி ஆகிய பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன; பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனிப் படைத்தளபதி மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். இன்று பட்டாசுத் தொழில் நடக்கும் வட்டாரத்திலேயே இருக்கும் ஏழாயிரம்பண்ணை இவ்வாறு தன் படையை இழந்தது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பெயரால் வெளியான பிரகடனம் பாளையங்களில் தாக்கும் ஆயுதங்களின் பயன்பாட்டை அடக்குவதாக அறிவித்து, இந்நடவடிக்கையைத் தென்சீமை முழுவதற்குமான கொள்கையாக்கியது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுவதற்கும் விரித்தது. துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு என்று அச்சட்டம் ஆயுதங்களைப் பெயர்சொல்லி எண்ணியது. அந்தப் பட்டியலில் கம்பு இல்லை.

இந்த விடுபாட்டின் விளைவு பெரிது. வாளையும் ஈட்டியையும் வெளிப்படையாக ஏந்திப் பழகுவது உரிமம் சார்ந்த செயலாகச் சுருங்கியபோது, பாடத்திட்டத்தின் முதற்படியான கம்பு மட்டும் தடையின்றி நின்றது. உழவனுக்கும் ஆட்டிடையனுக்கும் வழிப்போக்கனுக்கும் கைத்துணையான ஒரு பொருளைத் தடைசெய்ய எந்த அரசாலும் இயலாது. ஆகவே முன்பு இரும்புக்கு இட்டுச்செல்லும் வாயிலாக இருந்த பாடம், 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான மாணவருக்கு முழுப் பாடமாகவே ஆயிற்று என்று கருத இடமுண்டு. கம்பாட்டத்தின் வீச்சுகளும் மரபுகளும் இத்தனை நுட்பமாகக் கிளைத்திருப்பதற்கு, ஆசான்களின் முழுக் கவனமும் ஒரே கருவியின் மேல் குவிந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

வளரியின் கதி இதற்கு மறுதலையான சான்று. எட்கர் தர்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தொகுத்த நூலில், புதுக்கோட்டைத் திவான் அளித்த குறிப்பொன்று இடம்பெற்றுள்ளது. வளரி வீசுவதில் வல்லவர்கள் அச்சமஸ்தானத்தில் அப்போது ஒருவரும் இல்லை என்றும், முயலும் காட்டுக்கோழியும் வேட்டையாட எப்போதாவது அது பயன்படுகிறது என்றும், அதன் காலம் முடிந்துவிட்டது என்றும் அக்குறிப்பு சொல்கிறது. சின்ன மருதுவிடம் வெல்ஷ் பயின்றதற்கும் இக்குறிப்புக்கும் இடையே ஏறத்தாழ 110 ஆண்டுகளே கடந்திருந்தன. ஆயுதம் அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் தங்கியது; அதைக் கற்க மாணவர் வராமற்போனதால் எறியும் கலை கைவிட்டுப் போயிற்று.

காவலும் வணிகமும்

படை கலைந்த பிறகு கம்பு பழகியவர்களுக்கு வேலை தந்தது காவல். ஓர் ஊரின் வீடுகளையும் பயிரையும் கால்நடைகளையும் காப்பது தலக்காவல். ஒரு வட்டாரத்தின் வழிகளைக் காப்பது தேசக்காவல். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ காவற்காரரின் பொறுப்பு. அதற்காக விளைச்சலில் பங்கு உண்டு. கம்பெனி அரசு இக்காவல் வருவாய்களைத் தன்வயப்படுத்தியும், பின்னர் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறையை அமைத்தும்கூட, பழைய முறை ஊர்களில் நெடுங்காலம் தொடர்ந்தது. காவற்கூலி பெறுபவரே கூலி கொடுக்காதவரின் மாட்டைக் கடத்தி, துப்புக்கூலி பெற்று மீட்டுக்கொடுக்கும் வழக்கமும் இதன் மறுபக்கமாக வளர்ந்தது.

இதே காலத்தில் தாமிரபரணிக்குத் தெற்கேயிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நிலைகொண்டனர். இன்றைய விருதுநகரின் பழைய பெயரே விருதுபட்டி. கருப்பட்டியும் பருத்தியும் தானியமும் ஏற்றிய வண்டிகள் கள்வர் பயம் நிறைந்த வழிகளில் செல்ல வேண்டியிருந்ததால், மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து வண்டிகளை இரவில் அங்கே நிறுத்தினர். கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பகுதியை மகிமை என்ற பெயரில் பொதுநிதியாகச் சேர்த்தனர். கோயில் நுழைவு உரிமை பற்றிய பூசல் சாதி மோதலாக முற்றி, 1899 ஜூன் 6 அன்று பல்லாயிரவர் கொண்ட கூட்டம் சிவகாசியைத் தாக்கியபோது, நகர மக்கள் எதிர்த்து நின்று போரிட்டனர். இரு தரப்பிலும் உயிர்களையும் வீடுகளையும் பலிகொண்ட அந்நிகழ்ச்சி, இவ்வட்டாரத்தில் தற்காப்பு என்பது அரங்கக் கலையாக மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. பயிற்சி தெருவுக்கும் சாதிக்கும் உட்பட்டு, அடுத்த தெருவின் மீதான ஐயத்தோடு வளர்ந்தது என்பது இவ்வரலாற்றில் மறைக்க இயலாத பகுதி.

வாளாசிரியர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

மகிமை நிதியின் பெரும்பயன் கல்வியில் வெளிப்பட்டது. 1885-இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டது; வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பிடியரிசித் திட்டமும் அதற்கு உதவியது. அதே நகரில் சிறுவன் காமராசர் எழுத்துப் பயின்ற தொடக்கப் பள்ளிக்கு ஏனாதி நாயனார் வித்யாசாலை என்று பெயர். பெரியபுராணத்து வாளாசிரியரைச் சான்றார் மரபின் முன்னோராகப் போற்றிய ஒரு சமூகம், தன் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் கணக்கும் கற்பிக்கும் கூடத்துக்கு அவர் பெயரை இட்டது. போர்க்குடி என்ற உரிமையைப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நிலைநாட்டிய அந்நகரம், நாளைய வாழ்வுக்கான கருவியாக ஏட்டையும் எழுதுகோலையும் தேர்ந்தது. மற்ற ஊர்களைப் போலவே இங்கும் கம்பு மாலை நேரத்துக்கும் திருவிழாவுக்கும் உரியதாக ஒதுங்கியது.

1903-இல் பிறந்த காமராசர் இளமையில் சிலம்பம் பழகியவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1927-இல் நாகபுரியில் மஞ்சர்ஷா ஆவாரி ஆயுதச் சட்டத்தை மீறி வாளேந்திச் செல்லும் போராட்டத்தைத் தொடங்கியபோது, அவ்வழியில் தமிழகத்திலும் வாள் சத்தியாகிரகம் நடத்தக் காமராசர் முனைந்தார். வாளை எடுத்துச் செல்வதே போராட்டமாகவும், அதை யார்மீதும் வீசாமலிருப்பதே அதன் நெறியாகவும் அமைந்த இம்முயற்சியில், 1801 முதல் தொடர்ந்த ஆயுதக் களைவுக் கொள்கை அகிம்சை இயக்கத்தின் கேள்விக்கு உள்ளானது. இழந்த உரிமையை நினைவூட்டுவதே நோக்கமாக இருந்ததால், வாட்பயிற்சி பெற்றவரா என்ற வினாவே அங்கு எழவில்லை.

பட்டாசு நகரமும் புதிய மாணவர்களும்

1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். வெடிபொருள்களுக்கு உரிமமுறையை வகுத்த 1940-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் பட்டாசு ஆலைகள் பெருகின. வானம் பார்த்த நிலத்தில் ஆண்டு முழுவதும் கூலி கிடைத்தபோது, காவலை நம்பிய பழைய பிழைப்பு தன் அடிப்படையை இழந்தது. கம்பாட்டத்தின் இடம் அம்மன் கோயில்களின் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் முளைப்பாரிக்கும் தீச்சட்டிக்கும் முன்னே செல்லும் ஊர்வலமாக மாறியது. போருக்கான அடிவரிசைகளைவிட அலங்கார வீச்சும், இரு முனையிலும் தீப்பந்தம் கட்டிச் சுழற்றும் ஆட்டமும் முன்னுக்கு வந்தன. சிலம்பம் தெரிந்த நடிகரான எம்.ஜி.ஆரின் படக்காட்சிகள் அதற்குத் தமிழ்நாடெங்கும் புது மதிப்பைத் தேடித் தந்தன. தோட்டத் தொழிலுக்குச் சென்ற தமிழரோடு அது மலேசியாவிலும் இலங்கை மலையகத்திலும் வேரூன்றியது.

கடந்த சில பத்தாண்டுகளில் கற்பிக்கும் முறை மீண்டும் மாறியது. மாவட்டச் சங்கங்களும் எடை, வயதுப் பிரிவுகளும் நடுவர்களும் கொண்ட போட்டி விளையாட்டாகச் சிலம்பம் அமைந்தது. எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டால் புள்ளி என்னும் தொடுமுறைப் போட்டியோடு, நெடுங்கம்பு, இரட்டைக்கம்பு, வேல்கம்பு, வாள், சுருள்வாள், மான்கொம்பு ஆகியவற்றின் வீச்சுகளும் தனித்தனிப் பிரிவுகளாயின. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு இதைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகச் சிலம்பம் இடம்பெற்றது. பள்ளி மைதானத்தில் கம்பு பிடிப்பவர்களில் இன்று பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தெருவுக்கும் சாதிக்கும் உட்பட்டிருந்த பயிற்சி, கட்டணம் செலுத்தும் எவரும் சேரக்கூடிய வகுப்பாகியிருக்கிறது. இப்போட்டிகளில் வாளும் சுருள்வாளும் திரும்ப வந்திருக்கின்றன என்றாலும், 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற கூர்ப்படைகளைத் தனி வகையாக வைக்கும் ஆயுத விதிகளின் நிழலில், அவை வெட்டுவதற்கென்று இல்லாமல் வீசிக் காட்டுவதற்கென்றே பழகப்படுகின்றன.

இரண்டரை நூற்றாண்டுகளில் இவ்வட்டாரத்தின் மாணவர் பாளையப் படைவீரராகவும், காவற்காரராகவும், வணிக நகரத்தின் இளைஞராகவும், திருவிழா ஆட்டக்காரராகவும், சான்றிதழுக்காகப் பயிலும் பள்ளிப் பிள்ளையாகவும் மாறி வந்திருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்திலும் பாடத்தின் ஒரு பகுதி உதிர்ந்திருக்கிறது: வளரி வேட்டைக் கருவியாகத் தாழ்ந்து மறைந்தது, நீண்ட ஈட்டி பாளையங்களோடு போயிற்று, போர் அடிவரிசைகள் அலங்காரத்துக்கு இடம் விட்டன. உதிராமல் நின்றவை வணக்கமும் காலடியும் கம்பும். சட்டத்தின் பட்டியலுக்குள் வராததும், கூலிக்காரர் வீட்டிலும் எளிதில் கிடைப்பதும், பிழைப்பு எதுவாக மாறினாலும் மாலையில் ஒரு மணி நேரம் பழக முடிவதுமான பாடமே தலைமுறைகளைக் கடந்திருக்கிறது. படைக்கலங்களின் பெருமையைப் பேசும் நூல்கள் வாளையும் வளரியையும் முன்னிறுத்துவது இயல்பு. ஆயினும் இக்கல்வியைக் காத்துத் தந்தது, எல்லோரும் தொடக்கநிலை என்று கருதிய அந்த முதல் பாடம்தான்.